பொசைடனுக்கு வைத்த மீன்

என் தம்பி மிக்கோஸுக்குக் கடவுள் நல்ல கண்ணைக் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயையும் கொடுத்துத் தொலைத்தார்.

எங்கள் ஊர் கிரேக்க நாட்டின் எவ்போயாத் தீவின் கிழக்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிறது. விளைச்சல் என்று சொல்லிக்கொள்ள நாலு ஒலிவ மரமும், கல்லுக்கு நடுவில் முளைக்கும் வாற்கோதுமையும்தான். மற்றபடி எல்லாம் சூரை மீன். கோடை தொடங்கும்போது அது கூட்டம் கூட்டமாகக் கரையை ஒட்டிப் போகும். அப்போது பிடித்து உப்புப் போட்டுச் சாடியில் அடைத்தால் அடுத்த கோடை வரை அடுப்பு எரியும். பிடிக்காவிட்டால் எரியாது.

மீன் வருவதைக் கரையிலிருந்து பார்க்க முடியாது. அதனால் கடலுக்குள் நீண்டிருக்கும் முனையின் உச்சியில் ஒரு உயரமான கம்பம் நட்டிருக்கிறோம். அதன் மேல் ஒருவன் உட்கார்ந்து தண்ணீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கூட்டம் தெரிந்தால் கத்துவான். எந்தப் பக்கம், எவ்வளவு பெரியது, எப்போது வளைக்க வேண்டும் என்று அவன் கத்தக் கத்தக் கீழே படகுக்காரர்கள் வலையை இழுப்பார்கள். எங்கள் அப்பாவுக்குப் பிறகு அந்தக் கம்பத்தில் ஏறியவன் மிக்கோஸ். அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு கூட்டம் போனதாக யாரும் சொன்னதில்லை. இதை ஊரே சொல்லும்போது அவன் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா?

இது போன வருடத்து முதல் மீன் விருந்தில் நடந்தது. முதலில் வலையில் விழும் சூரை கடல் தெய்வம் பொசைடனுக்கு. கடற்கரைக் கோயிலில் பூசாரி அதை அறுத்து, கடவுளின் பங்கைத் தீயில் போட்டு, மீதியை அங்கேயே சுட்டு எல்லாருக்கும் கொடுப்பார். அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட வேண்டும். கோயில் வாசலைத் தாண்டி ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது. அப்படி ஒரு சட்டம். அன்றைக்கு மிக்கோஸ் தண்ணீர் கலக்காத மதுவைக் குடித்தான். மனிதர்கள் யாராவது மதுவைத் தண்ணீர் கலக்காமல் குடிப்பார்களா? குடித்துவிட்டு, கையில் மீன் துண்டோடு எழுந்து நின்றான்.

"பொசைடனுக்கு மீனை அனுப்பத்தான் தெரியும். அது எங்க இருக்குன்னு தெரியணும்னா அவரே வந்து எங்கிட்டதான் கேக்கணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். பூசாரி எவாகோன்தான் அதிகம் சிரித்தார். சிரித்த சிரிப்பில் மது மூக்கு வழியாக வந்தது. எங்கள் ஊரில் பூசாரியும் அவர்தான், பெரிய வலைக்குச் சொந்தக்காரரும் அவர்தான். அந்தச் சிரிப்பை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

நான் இவன் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

"ஐயோ அக்கா, காது போயிடும். சும்மா ஒரு பேச்சுக்குத்தான சொன்னேன்."

"பேச்சுக்குச் சொன்னவங்க எல்லாம் என்ன ஆனாங்கன்னு உனக்குத் தெரியாதா? சின்ன வயசுல எத்தனை கதை கேட்டிருக்க?"

"அதெல்லாம் ராஜா ராணிக்கு நடக்கறது. நம்ம வாயையெல்லாம் யாரு கவனிக்கிறா?"

அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் அந்தக் கதைகளை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரு ராணி தன் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பெருமை பேசினாள். பேசியது அவள், அம்பு பாய்ந்தது பிள்ளைகள் மேல். ஒருத்தன் காட்டில் வழி தெரியாமல் போய், குளித்துக்கொண்டிருந்த தேவியைப் பார்த்துவிட்டான். பார்த்தது கண், அதற்கு அவள் அவனையே மானாக மாற்றிவிட்டாள், அவன் வளர்த்த நாய்களே அவனைக் கிழித்துத் தின்றன. அந்த நாய்கள் என்ன பாவம் செய்தன? எஜமானனைத் தின்றுவிட்டு ராத்திரியெல்லாம் அவனைத் தேடி ஊளையிட்டனவாம். இந்தக் கடவுள்களுக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பவன் யார் என்று பார்ப்பதே இல்லை. கையில் கிடைத்தவனை அடிப்பார்கள்.

என் வீட்டுக்காரர் விஷயத்திலும் அதுதான். மூன்று கோடைக்கு முன்னால் படகோடு போனார், திரும்பவில்லை. பெருமை என்றால் என்ன என்றே தெரியாத மனுஷன். நாலு வார்த்தை பேச வைக்க நான் நாற்பது வார்த்தை பேச வேண்டும். அவர் பொசைடனை என்ன சொல்லியிருக்க முடியும்? அன்றிலிருந்து எனக்குக் கடலோடு பேச்சுவார்த்தை கிடையாது.

இந்த வருடம் கோடை வந்தது, மீன் வரவில்லை. மிக்கோஸ் விடிந்ததும் கம்பத்தில் ஏறி இருட்டும்போது இறங்கினான். சூரியன் முகத்தை உரித்துவிட்டது. படகுக்காரர்கள் வலையைப் பிரித்து, உலர்த்தி, மறுபடி மடித்து, மறுபடி பிரித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சாடியின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அதற்கப்புறம்தான் ஊருக்கு ஞாபகசக்தி வந்தது.

நான் கிணற்றடிக்குப் போனால் பேச்சு நின்றது. பூசாரியின் மனைவி கிளெயோ என்னைப் பார்த்ததும் தன் முந்தானைக்குள் மூன்று முறை துப்பிக்கொண்டாள், என்னிடமிருந்து ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பது போல.

"என்னடி, நான் என்ன செத்தவளா?" என்றேன்.

"உன்னைச் சொல்லல லிசில்லா. உங்க வீட்டுல ஒரு வாய் இருக்கே, அதைச் சொல்றேன்."

அடுத்த சில நாளில் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. எங்கள் ஊரில் பெண்கள் சபையில் பேசுவதில்லை. ஓரமாக நின்று கேட்கலாம். நானும் ஓரமாகத்தான் போய் நின்றேன்.

எவாகோன் தாடியை நீவிக்கொண்டு தொடங்கினார். "கடவுளை ஒருத்தன் அவமானப்படுத்தினான். நாமெல்லாம் கேட்டோம். அன்னிக்கே அவனை அடக்கியிருக்கணும்."

"அன்னிக்கு நீங்கதான மூக்கு வழியாச் சிரிச்சீங்க!" என்று நான் கத்தினேன். ஓரம் எல்லாம் அதோடு போயிற்று.

"அது அதிர்ச்சியில வந்த சிரிப்பு."

"நல்லா வந்துச்சு அதிர்ச்சி! சரி, மீன் வராததுக்கு இதுதான் காரணம்னு பொசைடன் உங்க காதுல வந்து சொன்னாரா? கோயில் மீனை வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு சட்டம் இருக்கே, அதை இந்த ஊருல ஒருத்தராவது மதிச்சிருக்கீங்களா? வருஷா வருஷம் உங்க வீட்டம்மா முக்காட்டுக்குள்ள எதை மறைச்சு எடுத்துட்டுப் போறாங்க, புறாக்குஞ்சா? கடவுளுக்குக் கோபம் அதுல வந்திருக்கக் கூடாதா?"

கூட்டத்தில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். கிளெயோ என்னைப் பார்த்தாள். ஒரு கணம் எனக்கு நம்பிக்கை வந்தது.

"அது பசிக்காகப் பண்றது," என்றார் எவாகோன். "பசியைக் கடவுள் மன்னிப்பாரு. வாய்க்கொழுப்பை மன்னிக்க மாட்டாரு."

எல்லாரும் பெரிதாக மூச்சு விட்டார்கள். தலைகள் ஆடின. தன் மேல் பழி இல்லை என்று கேட்டால் மனிதன் எதற்கும் தலையாட்டுவான்.

அடுத்து வரும் அப்போலோ கடவுளின் விழாவில் மிக்கோஸை ஊரைவிட்டு விரட்டுவது என்று முடிவானது. அந்த விழாவில் எப்போதும் ஒருவனை விரட்டுவோம். அவனுக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து, அத்திக் கிளையாலும் நரிவெங்காயத் தண்டாலும் அடித்து, எல்லைக் கல் வரை துரத்தினால் ஊரின் அழுக்கையெல்லாம் அவன் சுமந்துகொண்டு போய்விடுவான் என்பது வழக்கம். வருடா வருடம் இதற்கென்றே ஒரு நாடோடி வருவான். சாப்பிடுவான், அடி வாங்குவான், அப்படியே மலையைத் தாண்டி அடுத்த ஊர் விழாவுக்குப் போய்விடுவான். யாருக்கும் நஷ்டமில்லை. இந்த வருடம் அவனும் வரவில்லை. மீன் இல்லாத ஊரில் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நாடோடி போனால் போனதுதான். ஆனால் ஊர்க்காரன் ஒருவனை விரட்டினால் அவன் திரும்பி வர முடியாது. கல்லைத் தாண்டி உள்ளே காலை வைத்தால் கல்லால் அடிப்பார்கள். எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இருப்பது இந்த ஒரு தம்பி, இந்த ஒரு வாய். அதையும் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்.

"மன்னிப்புக் கேளுடா," என்றேன் அவனிடம். "கடற்கரையில போய் விழுந்து கேளு. ஊருக்கு முன்னாடி கேளு."

"கேட்டுட்டேன் அக்கா. தினம் கம்பத்து மேல உக்காந்து கேக்கறேன். ஒரு மத்தி மீன்கூட பதில் சொல்லல."

"இப்பவும் உனக்குக் கிண்டல்!"

"கிண்டல் பண்ணலைன்னா அழுதுடுவேன். பரவாயில்லையா?"

நான் ஊசியை எடுத்தேன். அவன் மேலாடையில் இருந்த கிழிசலைத் தைக்க உட்கார்ந்தேன்.

விழா நாள் காலையில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. கோயில் முன்னால் அவனை உட்கார வைத்து வாற்கோதுமை ரொட்டியும், பாலாடைக்கட்டியும், உலர்ந்த அத்திப்பழமும் கொடுத்தார்கள். ஊரில் மிச்சமிருந்த நல்ல சாப்பாடெல்லாம் அந்தத் தட்டில் இருந்தது. எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பெரியவரே," என்றான் மிக்கோஸ் எவாகோனைப் பார்த்து, மென்றுகொண்டே, "இந்தக் கட்டி போன வருஷத்ததா? எலி கடிச்ச தடம் இருக்கு."

"வாயை மூடுடா!" என்றேன் நான். எத்தனை வயதிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு அடி தொடங்கியது. முதலில் மெதுவாகத்தான் அடித்தார்கள், கூடவே வளர்ந்தவர்கள்தானே. மலைப்பாதையில் ஏற ஏற அவர்களுக்கு வேகம் வந்தது. பசித்தவர்கள் கையில் கிளை கிடைத்தால் அப்படித்தான். நான் அவனுக்குப் பக்கத்திலேயே நடந்தேன். என் மேலும் இரண்டு விழுந்தது. எல்லைக் கல் பாதையின் உச்சியில், வளைகுடாவுக்கு நேர் மேலே இருக்கிறது. அங்கே போனதும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அவன் மட்டும் தாண்டினான். தோளில் ரத்தம் கோடு கோடாக வந்திருந்தது.

"அக்கா, நெஜமாவே திரும்பி வரக் கூடாதா?" என்றான். அந்த முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை. 

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவன் கேட்கவில்லை. அவன் கண் என் தோளுக்குப் பின்னால் கடலுக்குப் போய்விட்டது. கழுத்து மெதுவாக நீண்டது. வலது கை நெற்றிக்கு மேல் போனது. அந்த நிற்பு எனக்குத் தெரியும். அப்பாவும் அப்படித்தான் நிற்பார்.

மீன் வந்துவிட்டது.

வேறு யாரும் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கடல் கடலாகத்தான் தெரியும். மிக்கோஸ் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். எனக்கு அந்த நொடியில் எல்லாம் ஓடியது. இவன் இப்போது வாயைத் திறந்தால் தொலைந்தான். விரட்டினோம், மீன் வந்தது என்று பேசுவார்கள். பிறகு எந்தக் காலத்திலும் இவனை உள்ளே விட மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றால் பேரம் பேசலாம். என்னை உள்ளே விடுங்கள், அப்போது சொல்கிறேன் என்று கேட்கலாம். அதற்கும் மறுத்தால் மீன் போகட்டும், இந்த ஊர் சாடியின் அடியைச் சுரண்டிச் சாகட்டும். நான் உதட்டின் மேல் விரலை வைத்தேன். தலையை ஆட்டினேன். வாழ்நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயை மூடுடா என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

அவன் மூடத்தான் பார்த்தான். தாடை இறுகுவது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தான்.

"வருது!" என்று கத்தினான். "முனைக்குத் தெக்கே வருது! பெரிய கூட்டம்! டேய், என்னடா மரம் மாதிரி நிக்கிறீங்க, ஓடுங்கடா! வெளிப்பக்கப் படகு முதல்ல போகணும்!"

கிளைகளைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள். அவன் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தான். இடது, இன்னும் இடது, இப்ப வளை, இழு என்று. கீழே கடல் வெள்ளையாகக் கொதித்தது. வலை கிழியும் அளவுக்கு மீன். நான் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். எரிச்சலில் வந்த அழுகைதான் பெரும்பகுதி.

முதல் மீன் விருந்து மறுநாளே நடந்தது. கோயிலில் கொழுப்பு உருகும் மணம் கடற்கரை முழுக்க வந்தது. நான் நேராக எவாகோனிடம் போனேன்.

"மீன் வந்தாச்சு. என் தம்பியைக் கூப்பிடுங்க."

அவர் என்னை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அவன் போனதாலதான மீன் வந்துச்சு."

"வந்ததைப் பார்த்துச் சொன்னதே அவன்தான!"

"கல்லுக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னான். ஊரைவிட்டுப் போனதுக்கு அப்புறம் சொன்னான். நல்லா யோசிச்சுப் பாரு லிசில்லா. கடவுளோட கணக்கு எவ்வளவு சரியா இருக்கு!"

யோசித்தேன். தலைதான் வலித்தது. மீன் வராவிட்டால் அவன் குற்றம், வந்தால் அவன் போன புண்ணியம். இதற்குள் எங்கே நுழைந்து வாதம் செய்வது?

எவாகோன் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யலாம். நானே உங்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன். முனையில இருக்கற கம்பத்தைப் பிடுங்கி, எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நட்டுத் தர்றோம். அவன் அங்கயே இருந்து பார்த்துச் சொல்லட்டும். ஊருக்கும் நல்லது. கடவுளுக்கும் மனத்தாங்கல் இருக்காது."

"சாப்பாடு?"

"அது... விரட்டினவனுக்கு ஊர்ல இருந்து சாப்பாடு போகக் கூடாதே. வழக்கம் அப்படி."

 இவர்களுக்கு அவனுடைய கண் வேண்டும், தொண்டை வேண்டும், அவன் மட்டும் வேண்டாம். நான் அவரைத் தள்ளிக்கொண்டு அடுப்பருகே போனேன். சுட்டு வைத்திருந்ததில் பெரிய துண்டாக, வயிற்றுப் பக்கத் துண்டாக, கொழுப்பு வழிய வழிய ஒன்றை எடுத்தேன். முக்காட்டுக்குள் வைக்கவில்லை. அத்தி இலையில் வைத்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோயில் வாசலை நோக்கி நடந்தேன். எல்லாரும் வாயில் போட்ட மீனை மெல்லவும் மறந்து பார்த்தார்கள்.

கிளெயோதான் அலறினாள். "அடிப்பாவி, அது வெளிய போகக் கூடாது!"

"உன் முக்காட்டுக்குள்ள இருக்கறதுக்குக் கால் முளைச்சு அதுவாவா வீட்டுக்குப் போகுது?"

அவள் கை தானாக முக்காட்டை இறுக்கிப் பிடித்தது. பக்கத்தில் இருந்தவர்களின் கைகளும் தங்கள் தங்கள் மடியைப் பிடித்துக்கொண்டன.

வாசலைத் தாண்டியதும் கடலைப் பார்த்து நின்றேன். மூன்று கோடைக்குப் பிறகு முதல் முறையாக அதனிடம் பேசினேன். ஊர் கேட்க, சத்தமாகவே பேசினேன்.

"பொசைடனே, என் பேரு லிசில்லா. உப்புக் கொட்டகைக்குப் பின்னாடி இருக்கற வீடு. உன் மீனை நான் எடுத்துட்டுப் போறேன், எல்லாரும் பார்க்கத்தான் எடுத்துட்டுப் போறேன். தண்டனை அனுப்பறதா இருந்தா எனக்கே அனுப்பு. இந்த ஒரு தடவையாவது ஆள் மாத்தி அனுப்பாத."

அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நான் மலைப்பாதையில் ஏறினேன்.

மிக்கோஸ் கல்லுக்கு அந்தப் பக்கம், ஒரு காட்டு ஒலிவ மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். தோள் வீங்கியிருந்தது. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. என் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அக்கா! கோயில் மீனா? தாண்டாத, அங்கயே நில்லு. அந்த மீனோட தாண்டினா உன்னையும் உள்ள விட மாட்டாங்க."

நான் தாண்டினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து இலையை விரித்தேன். கீழே கோயில் வாசலில் ஊரே திரண்டு எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று விட்டேன். எவாகோன் சொன்ன கம்பத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன்.

"இங்கருந்தா?" என்று சுற்றிப் பார்த்தான். "பழைய இடத்தைவிட இங்க நல்லாத்தான் தெரியும்."

"உனக்கு ரோஷமே கிடையாதாடா?"

"இருக்கு அக்கா. ஆனா மீனு தெரிஞ்சா நான் என்ன பண்ணட்டும்?"

 அவன் ஒரு பெரிய துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். மென்றான். முகத்தைச் சுளித்தான்.

"உப்பு பத்தல. இதைத் தின்னுட்டுதான் பொசைடன் எப்பவும் கோபமா..."

என் கை தானாக அவன் வாயைப் பொத்தப் போனது. பாதியில் நின்றது. இனிமேல் பொத்தி என்ன ஆகப் போகிறது என்று அதை இறக்கினேன். ஆனால் அவன் பேச்சு தானாகவே நின்றிருந்தது. கழுத்து மெதுவாக நீண்டது. எண்ணெய் வழியும் வலது கை நெற்றிக்கு மேல் போனது. கன்னம் உப்ப, வாய் நிறைய மீனோடு, என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"முதல்ல அதை முழுங்கு," என்றேன். "அப்புறம் கத்து."